காஜா பேராங்கில் எரிந்த ஐந்து மஞ்சள் விளக்குகள்

“…அப்ப, கேபிளுக்குள்ள தண்ணி இறங்கிட்டுது எண்டு அந்த மஞ்சள் விளக்கு எழும்பி வந்து உம்மட காதுக்குள்ள சொல்லிச்சுதோ காணும்?”

இன்ஸ்பெக்டர் பொன்னையா இதைக் கேட்டபோது அவருடைய ஒரு கையில் குடை இருந்தது, மறு கையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பொட்டலத்திலிருந்து மீன் வாசம் வந்துகொண்டிருந்தது.   அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்து இன்றைக்கும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் விளக்கு எது, தண்ணீர் எது, பொட்டலம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

இதை எழுதவைத்தது பக்கத்து வீட்டு மருமகள் கவிதா. ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைத்து மேய்க்கிற வேலை அவளுக்கு. போன மாதம் எங்கள் வீட்டு இணையம் படுத்துவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் வட்டமாகப் புள்ளிகள் வந்தன. நடுவிலிருந்து அவற்றுக்குக் கோடுகள் ஓடின.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு மெஷின் அங்கிள். இது ஒவ்வொண்ணையும் போய்த் தட்டிப் பாக்குது, உசிரோட இருக்கியான்னு. பதில் வந்தா நிறம் மாறும். முந்தி எல்லாம் கறுப்புத் திரையில எழுத்தா ஓடும், கண்ணு வலிக்கும். இப்ப படமா காட்டுது. பாத்தவுடனே புரிஞ்சிரும்.”

பார்த்தவுடனே புரிந்துவிடும். இதே வார்த்தையை இதே பெருமையோடு நான் ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன், மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த வருஷத்தில்.

“அந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் மங்கலா இருக்கு?” என்று கேட்டேன்.

“அது செத்துப்போச்சு அங்கிள்.”

“செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றே? போய்ப் பாத்தியா?”

சிரித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பார்த்தாள். என் மனைவி பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தாள்.

“அங்கிள், நீங்க என்ன வேலை பாத்தீங்க?” என்று அப்போதுதான் கேட்டாள். நான் ஆரம்பித்தேன். அவளுடைய தேநீர் ஆறியது, அதன் மேல் ஆடை படிந்தது, ஈ ஒன்று வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் கையைக் கூப்பிவிட்டாள். “அங்கிள், இதை எழுதிருங்க. நான் வேலைக்குப் போகணும்.” ஆகவே எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் மலாக்கா ஊரில் தொலைபேசி இலாகாவில் கம்பி இழுக்கிற ஆளாகச் சேர்ந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். இங்கிலீஷை நானே கற்றுக்கொண்டேன். கம்பங்களில் அடித்திருந்த தகரத்தையும், சாமான் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து வந்த இங்கிலீஷ். அதனால் ரொம்ப நாளைக்கு ‘அபாயம்’, ‘தொடாதே’, ‘இந்தப் பக்கம் மேலே’ இவற்றைத் தவிர வேறு எதையும் என்னால் இங்கிலீஷில் சொல்ல முடிந்ததில்லை. இவற்றை வைத்துக்கொண்டே பாதி உத்தியோகத்தை ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் குழுவுக்கு மூத்தவர் மூக்கன் அண்ணன். கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு பேசுவார். கீழே நிற்கிறவன் அண்ணாந்து கேட்டுக் கழுத்து வலி வாங்கிக்கொள்ள வேண்டும். “மேலருந்து பாத்தா தவுக்கே மொதலாளி, கூலி எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எல்லா மண்டையும் வெயில்லதான் காயுது” என்று ஒருநாள் சொன்னார். ஜனங்கள் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ள எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அதில் முதல் வரி இதுதான்.

இரண்டு வருஷம் கம்பம் ஏறினேன். மூன்றாவது வருஷம் கிளேபாங் கடற்கரைப் பக்கத்தில் ஒரு கம்பத்திலிருந்து இறங்குவதற்குப் பதிலாக விழுந்தேன். வலது கணுக்கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனிமேல் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஏறாத கம்பி ஆளை வைத்துக்கொண்டு இலாகா என்ன செய்யும்? எக்ஸ்சேஞ்ச் மாடியில் இருந்த சோதனை அறைக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். அங்கே நிரந்தர இடம் எதுவும் கிடையாது. ஒரு இடம் உண்டாகாவிட்டால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த அறைக்கு ராஜா, இன்ஸ்பெக்டர் பொன்னையா. யாழ்ப்பாணத்துக்காரர். மழை என்றாலும் வெயில் என்றாலும் குடை. காப்பியை வட்டிலில் ஊற்றி, மூன்று தடவை ஊதி, நான்காவது தடவை குடிப்பார். யாரையும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை கூடிவிடும். ‘நீங்கள்’ என்று ஆரம்பித்தாரானால் ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். “ஐயா அவர்களே” என்று அவர் ஒருமுறை கூப்பிட்ட ஸ்டோர் கிளார்க், மாற்றல் கேட்டுச் சிரம்பானுக்கே போய்விட்டார்.

அந்தக் காலத்துச் சோதனையைக் கொஞ்சம் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தால், ஊர்த் தொலைபேசிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சாவி என்கிற சின்ன ஸ்விட்சைத் தள்ளினால் மின்சாரம் கம்பி வழியாக அந்த வீட்டுக்குப் போகும். மேசையில் இருக்கும் முள் அசையும். முள் ஒரு உதறு உதறி இறங்கிவிட்டால் கம்பி நலம். மின்சாரம் அந்த வீட்டு மணியைத் தொட்டுவிட்டு நின்றிருக்கிறது. முள் அசையவே இல்லையென்றால் வழியில் கம்பி அறுந்திருக்கிறது. முள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டால் மின்சாரம் தடையில்லாமல் போய்த் திரும்பி வருகிறது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வழியில் இரண்டு கம்பியும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கலாம். அல்லது, அந்த வீட்டில் யாரோ ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கலாம். இரண்டுக்கும் முள் ஒரே மாதிரிதான் நிற்கும்.

எது என்று தெரிய ஒரே வழி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பது. கம்பி ஒட்டியிருந்தால் கிணற்றுக்குள் தலையை விட்டமாதிரி இருக்கும், ஒன்றும் கேட்காது. ரிசீவர் கீழே கிடந்தால் அந்த வீட்டுக் கூடமே காதுக்குள் வந்துவிடும்.

அதற்குப் பொன்னையா ஒரு சட்டம் வைத்திருந்தார். “மூண்டு மூச்சு. அதுக்கு மேல கேக்கப்படாது. சத்தத்தைக் கேளும், கதையைக் கேக்காதேயும். கதை கேட்டா அது களவு.” மூன்று மூச்சுக்குள் அவருக்கு ஊரே தெரியும். ஜாலான் பெண்டஹாரா தெருவில் நகைக்கடை என்றால் சின்னச் சுத்தியல் தட்டும் சத்தம். தெங்கேராவில் ஒரு வீட்டில் கடல் ஏறும் நேரம் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும். காது கொடுப்பார், ஹெட்போனைக் கழற்றுவார், “பூனை தட்டி விழுத்திப்போட்டுது” என்பார். போய்ப் பார்த்தால் பூனைதான்.

எனக்கு அந்தக் காது கிடையாது. எனக்குக் கண்தான். முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதி, மறுபடி முள்ளைப் பார்த்து, ஒரு காலையில் இருநூறு வரி எழுதினால் எந்த வரி எந்தத் தெரு என்பதே மறந்துபோகும். எக்ஸ்சேஞ்சின் பின்கட்டில் பழைய ஸ்விட்ச்போர்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதில் கடுகு மாதிரிச் சின்னச் சின்ன பல்புகள் கிடந்தன. ஒரு படிச்சக்கரமும் கிடந்தது; மின்சாரம் கொடுத்தால் டிக், டிக் என்று ஒரு படி, ஒரு படியாக நகர்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு போகும் சாமான் அது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒரு மாதத்தில் பலகை தயாராகிவிட்டது. பிளைவுட்டில் மேற்குப் பக்கத்து ஊரை வரைந்தேன். கிளேபாங் கடலுக்கு நீலம், தெங்கேரா ரோட்டுக்கு மண் நிறம், காஜா பேராங்குக்குப் பச்சை. நாற்பத்தேழு தொலைபேசிகள். வீடு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு துளை, துளைக்குள் மூன்று பல்பு. சக்கரம் நாற்பத்தேழையும் சுற்றி வர இரண்டு நிமிஷம் கூட ஆகாது. நலமென்றால் பச்சை, அறுந்திருந்தால் சிவப்பு, முள் ஏறி நிற்கிற வகை என்றால் மஞ்சள்.

“பாத்தவுடனே புரிஞ்சிரும் சார்” என்றேன் பொன்னையாவிடம்.

பலகையை வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை பார்த்தார். “வடிவாத்தான் இருக்குது. என்ர அறை டெலிபோன் எங்க?”

“அது நம்ம எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே இருக்கு சார், அதை எதுக்குச் சோதிக்கணும்?”

“ஏன், நான் பழுதாகமாட்டனோ? என்னையும் ஒரு பொட்டாக வையும்.”

ஆகவே நாற்பத்தெட்டாவது துளை இன்ஸ்பெக்டரின் அறை. கடலுக்குக் கீழே, பலகையின் மூலையில்.

அவரே தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். மூன்று மாதம் பலகையை ஓட்டிப் பாருங்கள், துரை ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் சரியென்றால் பலகையும் அதற்கு ஒரு ஆளும் நிரந்தரம் என்று பதில் வந்தது. என் விதி அந்தக் கடிதத்தில் இருந்தது. பலகை நின்றால் நானும் நிற்பேன். பலகை விழுந்தால் என் கோணல் கணுக்காலோடு நான் நடந்து வீட்டுக்குப் போகவேண்டும். மூன்று மாதமும் பலகை ஒரு தப்பும் செய்யவில்லை. ஹெட்போன் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. துரை வருகிற நாளும் வந்தது: பொங்கலன்று காலை.

நான் சொல்லவரும் கதை அதற்கு முதல் நாள், போகியன்று நடந்தது.

என் வீடு காஜா பேராங்கில்தான். காலையில் வேலைக்குச் சைக்கிளில் வரும்போது செட்டிகள் இருக்கும் தெரு வழியாகத்தான் வந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மலாக்கா செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே ஊறிப்போனவர்கள். பெயரைக் கேட்டால் பிள்ளை என்பார்கள், கும்பிடுவது அம்மனை, பேசுவது மலாய். அன்றைக்குத் தெரு முழுக்கச் சமையல் வாசம். ஒருவர் தலையில் வாழையிலைக் கட்டு போய்க்கொண்டிருந்தது. நான் எங்கள் வீட்டுப் பழைய பாயைக் கொளுத்திவிட்டு வந்த புகை வாசத்தோடு அதைத் தாண்டிப் போனேன். ஒரே நாள்தான். நாங்கள் பழைய சாமானை வெளியே போடுகிற நாள், அவர்கள் காலஞ்சென்றவர்களை வீட்டுக்குள் அழைக்கிற நாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அது என் தலைக்குள் இல்லை.

மாலை மூன்றரை மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் தெங்கேராப் பக்கம் போயிருந்தார். நாளைக்குத் துரை வருகிறாரே என்று பலகையைத் துணியால் துடைத்துச் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்று விட்டேன். காஜா பேராங்கில் ஒரு மஞ்சள். சரி, யாரோ ரிசீவரை ஒழுங்காக வைக்கவில்லை என்று விட்டுவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு சுற்று. பக்கத்துத் துளையும் மஞ்சள். அடுத்த சுற்றில் மூன்று. அப்புறம் நான்கு. நாலு மணிக்கு ஐந்து மஞ்சள், எல்லாம் ஒரே இடத்தில், என் உள்ளங்கையால் மூடிவிடலாம்போல.

முதல் நாள்தான் பெரிய மழை பெய்திருந்தது. அந்தத் தெரு முனையில் கேபிள் இணைப்பு ஒன்று மண்ணுக்குள் புதைந்திருந்தது. எனக்கு வேறு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டில் ரிசீவர் கீழே விழும். ஐந்து வீட்டில் ஒரே நேரத்தில் விழுமா? இணைப்புக்குள் தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு கம்பியாக நனைந்துகொண்டு போகிறது. படம் என் கண்ணுக்கு முன்னால் விரிந்துகொண்டே போனது. இதை உடனே நிறுத்தாவிட்டால் நாளைக் காலையில் துரையின் முன்னால் பலகை பாதி மஞ்சளாக நிற்கும்.

அப்போது கீழே ஸ்விட்ச்போர்டிலிருந்து ஜோசபின் அக்கா கூப்பிட்டார். ஊர் முழுக்க அவரைக் குரலாகத்தான் தெரியும். “எனக்கு யார் முகமும் தெரியாது லிங்கம், யாரு தும்மினாலும் தெரியும்” என்பார். அதுவும் என் நோட்டில் உண்டு.

“லிங்கம், காஜா பேராங்ல அஞ்சு வீட்டு விளக்கு இங்க எரிஞ்சுகிட்டே இருக்கு. ‘நம்பர் ப்ளீஸ்’னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒருத்தரும் பேசல.”

“கேபிள்ல தண்ணி அக்கா. ஆள் அனுப்பப் போறேன்.”

“தண்ணியா? சுங்கக் கிளார்க்கு பிள்ளை வீட்டு லைன்ல கடிகாரம் ஓடுற சத்தம் கேக்குதே லிங்கம். தண்ணிக்குள்ள கடிகாரமா ஓடும்?”

“பக்கத்து லைன் சத்தம் கசிஞ்சு வருது அக்கா. படம் என் முன்னாடியே இருக்கு. நீங்க பாத்திருந்தா கேக்கவே மாட்டீங்க.”

“ஆமா லா, நான் பாக்கல. நான் கேட்டேன், அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டார்.

ஹெட்போன் என் முழங்காலுக்கு நேரே, இழுப்பறைக்குள் இருந்தது. மூன்று மூச்சு நேரம் போதும். நான் திறக்கவில்லை. லாரிக் கொட்டகைக்குப் போன் போட்டு மூக்கன் அண்ணனைப் பிடித்தேன்.

“ரோட்டைத் தோண்டணுமா?” என்றார். “நிச்சயமா தெரியுமா தம்பி? தோண்டினா மூடணும் லா. அது ரொம்ப சூசா, பெரிய தொல்லை.”

“நிச்சயம் அண்ணே. பலகையில பட்டப்பகல் மாதிரித் தெரியுது.”

அவர் இரண்டு ஆட்களோடு கிளம்பினார். நான் சக்கரத்தை விட்டுக்கொண்டே இருந்தேன். டிக், டிக், டிக். நாலே முக்காலுக்கு ஒரு மஞ்சள் அணைந்து பச்சையாயிற்று. என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த சுற்றில் இன்னொன்று. இப்படி ஐந்தும் ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே பச்சையாகிவிட்டன. மூக்கன் அண்ணன் இவ்வளவு சீக்கிரம் ஒரு இணைப்பைத் திறந்து, காயவைத்து, மூடிவிட முடியுமா என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். பென்சிலைத் தள்ளிவிட்டு மைப் பேனாவை எடுத்தேன். ‘காஜா பேராங் கேபிள் இணைப்பு. உள்ளே தண்ணீர். பலகை மூலம் கண்டுபிடிக்கப்பட்டது. சரிசெய்யப்பட்டது.’ எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் அந்த ஒரு வரியில் போட்டேன். துரை நாளைக்கு இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று அதில் ஒரு காகிதத் துண்டையும் செருகினேன்.

அரைமணி கழித்து மூக்கன் அண்ணன் மாடிப்படியில் வந்தார். காலெல்லாம் மண். வாயில் வெற்றிலை இல்லை, ஆனாலும் பேச முடியவில்லை. சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

“மூணடி தோண்டிட்டோம் தம்பி. நிமிந்து பாத்தா அஞ்சு வீட்டுச் சனமும் வெளிய நிக்குது. பட்டுச் சட்டை, சாரோங், எல்லாம் நல்ல உடுப்பு. எங்களையே பாக்குறாங்க. சரி, போன் எப்ப சரியாகும்னு நிக்கிறாங்கன்னு நினைச்சு, ‘கவலைப்படாதீங்க, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்’னு மலாய்ல சொன்னேன். அந்தப் பிள்ளை இல்ல, பழைய சுங்கக் கிளார்க்கு, அவரு ஓடிவந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘டத்தோ நேனே தெங்ஙா மாக்கான்!’ங்கிறாரு. அவங்க பாட்டன் பூட்டன் எல்லாம் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களாம். நான் டம் டம்னு கடப்பாரை போட்டுக்கிட்டு இருக்கேன்!”

விஷயம் இதுதான். போகியன்று அவர்கள் வீட்டில் காலஞ்சென்றவர்களுக்கு வாழையிலையில் படையல் போட்டு, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். படையலுக்கு வந்த முன்னோர்கள் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும், யாரும் உள்ளே போகக்கூடாது, சத்தம் இருக்கக்கூடாது. போன வருஷம் பிள்ளை வீட்டில் படையல் நடுவில் தொலைபேசி கணகணவென்று அடித்துவிட்டதாம். அடித்தது யாரோ மீன்காரன், தப்பு நம்பர். பிள்ளையின் மனைவிக்கு ஒரு வருஷமாக மனசு ஆறவில்லை: அவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பார்களோ என்று. அதனால் இந்த வருஷம் தொலைபேசி இருக்கிற ஐந்து வீடும் பேசிவைத்துக்கொண்டார்கள். படையல் போட்டதும் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது. எந்த வீட்டில் சமையல் முதலில் முடிந்ததோ அந்த வீடு முதல் மஞ்சள்.

“அப்புறம்?” என்றேன். 

“அப்புறம் என்ன, நாங்களும் கடப்பாரையக் கீழ வச்சிட்டு நின்னோம். அந்த நேரம் பாத்து நம்ம குடை வருது.”

தெங்கேராவிலிருந்து சைக்கிளில் திரும்பிய இன்ஸ்பெக்டர், லாரியையும் குழியையும் கூட்டத்தையும் பார்த்து இறங்கியிருக்கிறார். மூக்கன் அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.  தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சனங்களோடு சனமாக, சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றாராம். கதவு திறந்து ரிசீவரை எல்லாம் வைத்த பிறகு பிள்ளை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சாப்பிடச் சொன்னாராம், வேலை இருக்கிறது என்றதும் வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாராம். அவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாராம், கடப்பாரைச் சத்தத்துக்கு. அதற்குப் பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? அது என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. “பரவாயில்லை. எங்கள் தாத்தா காதுகேளாதவர். மற்றவர்களுக்கு அவர் விளக்கிச் சொல்லிக்கொள்வார்.”

“சிரிக்காதீங்க அண்ணே” என்றேன். “நாளைக்குத் துரை வர்றாரு.”

மூக்கன் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். என் காலைப் பார்த்தார். பிறகு பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். “அதுல என்னமோ மையில எழுதி வச்சிருக்கியே தம்பி” என்றார் மெதுவாக. நான் அதை மூடுவதற்குள் படியில் குடை தட்டும் சத்தம் வந்துவிட்டது. மூக்கன் அண்ணன் சுவரோரமாக நழுவி இறங்கிப் போனார். ஆறடி ஆள், அன்றைக்குப் பூனை மாதிரிப் போனார்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார், நாற்பத்தெட்டும் பச்சை. பொட்டலம் பிடித்த கையின் விரலாலேயே காகிதத் துண்டு செருகிய பக்கத்தைத் திறந்தார். நான் எழுதியதை நின்றபடியே வாசித்தார். ‘தண்ணீர்’ என்ற இடத்துக்கு வந்ததும் புருவம் ஏறியது. ‘சரிசெய்யப்பட்டது’ என்ற இடத்துக்கு வந்ததும் புருவம் அங்கேயே நின்றுவிட்டது, முள் நிற்கிற மாதிரி.

“ஆர் சரிசெய்தது?” என்றார்.

நான் மைப் பேனாவின் மூடியைத் திருகினேன்.

“பழுதைக் கண்டுபிடிச்சது பலகை. சரிசெய்தது ஆர்? பிள்ளையின்ர பூட்டனோ?”

 இப்போது ‘நீங்கள்’ வரும், அடுத்தது ‘ஐயா அவர்களே’ வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார், மஞ்சள் விளக்கு எழும்பி வந்து காதுக்குள் சொன்னதா என்று.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குடையை மூலையில் சாத்தினார். என் மேசை இழுப்பறையைத் தானே திறந்து, ஹெட்போனை எடுத்து, அதன் தூசியை ஊதி, என் முன்னால் வைத்தார். பொட்டலத்தோடு தன் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

போச்சு என்று நினைத்தேன். அறிக்கை எழுதப் போயிருக்கிறார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. என்னுடைய சாமான் என்று அங்கே இருந்தது ஒரு பென்சிலும் நோட்டுப் புத்தகமும்தான். அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். கிளம்புவதற்கு முன் என் சக்கரத்தைக் கடைசியாக ஒரு சுற்று விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைத் தள்ளினேன்.

டிக், டிக், டிக். கிளேபாங் பச்சை. தெங்கேரா பச்சை. காஜா பேராங் முழுக்கப் பச்சை. நாற்பத்தேழு பச்சை.

நாற்பத்தெட்டாவது மஞ்சள்.

கடலுக்குக் கீழே, பலகையின் மூலையில், இன்ஸ்பெக்டரின் அறை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தகம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. எழுதவில்லை. ஹெட்போனை மாட்டினேன், முனையைச் செருகினேன்.

முதல் மூச்சில் வாழையிலை பிரிகிற சத்தம். இரண்டாவது மூச்சில் யாரோ சோற்றைப் பிசைந்து, உறைப்புக்கு ‘ஸ்ஸ்’ என்று இழுக்கும் சத்தம். மூன்றாவது மூச்சில் அவர் குரல், ரிசீவருக்குப் பக்கத்தில், வாய் நிறையச் சோற்றோடு.

“லிங்கம், கேக்குதோ? நாளைக்குத் துரைக்கும் இப்பிடித்தான் காட்டப்போறம். நான் இங்க ரிசீவரைக் கழட்டி வைப்பன், நீர் அங்க விளக்கையும் காட்டி, ஹெட்போனையும் அவற்ற காதில மாட்டிவிடும். இப்ப போய்க் கையைக் கழுவும். ரெண்டு துண்டு மீன் தந்தவை, ஒண்டை நான் துவங்கியிட்டன்.”

பிறகு அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் கையைக் கழுவிவிட்டு அவர் அறைக் கதவைத் திறக்கும்வரை ரிசீவரை எடுத்து வைக்கவில்லை.